அணைந்த விளக்கு சொன்ன பொய்



அப்பாவோ மாமாவோ காரில் சாவியைத் திருப்பும்போது டாஷ்போர்டைப் பார்த்திருக்கிறீர்களா? சிவப்பு, மஞ்சள் என்று குட்டிக் குட்டி விளக்குகள் பளிச்சென்று எரியும். இன்ஜின் ஓடத் தொடங்கியதும் பெரும்பாலானவை அணைந்துவிடும். அவை ஏன் எரிகின்றன, ஏன் அணைகின்றன? நானும் ரொம்ப நாள் இதை யோசித்ததே இல்லை, ஒரு நாள் இருட்டில் நடுரோட்டில் நிற்கும் வரை!

மதுரையில் இருக்கும் என் நண்பரும் ஓய்வு பெற்ற ஆசிரியர்தான். அவரிடம் ஒரு பழைய பெட்ரோல் கார் இருந்தது. அதன் டாஷ்போர்டில் இரண்டு பல்புகள் ஃபியூஸ் போய்விட்டதால், இரவில் ஸ்பீடோமீட்டர் முள் தெரியவில்லை. "இரண்டை மட்டும் மாற்றுவானேன்? எல்லாவற்றையும் எல்.இ.டி. ஆக்கிவிடுவோம்" என்று கடையில் வாங்கி வந்து அவரே மாட்டினார். டாஷ்போர்டு புது வண்டி போல ஜொலித்தது.

அந்த வாரமே திருச்சியில் ஒரு கல்யாணம். காலையில் காரில் போனோம். மாலையில் திரும்பினோம். இருட்டியதும் ஹெட்லைட் போட்டார் நண்பர். கொஞ்ச நேரத்தில் வெளிச்சம் மங்கி மஞ்சளாகியது. ஹாரன் முனகியது. துவரங்குறிச்சிக்கு அருகே இன்ஜின் இரண்டு தடவை விக்கி, நின்றே போனது!

எங்கள் காரில் ஒரு விளக்குகூட இல்லை. பின்னால் லாரிகள் பறந்து வருகின்றன. இருட்டில் ஒரு கார் நிற்பது அந்த டிரைவர்களுக்கு எப்படித் தெரியும்? தள்ளி ஓரம் கட்டுவதற்குள் எங்களுக்கு உயிர் போய் உயிர் வந்தது.

பக்கத்து டீக்கடைக்காரர் போன் செய்து ஒரு மெக்கானிக்கை வரவழைத்தார். இளைஞர். வந்ததும் அவர் கேட்ட கேள்வி இதுதான்:

"பேட்டரி சுத்தமா தீர்ந்துபோச்சு சார். சார்ஜ் ஏறலைன்னா பேட்டரி படம் போட்ட சிவப்பு விளக்கு எரிஞ்சிருக்கணுமே?"

"எரியலையே தம்பி. அதனாலதான் எல்லாம் சரியா இருக்குன்னு நினைச்சோம்."

"சரி, காலையில சாவியைத் திருப்பினப்போ எரிஞ்சுதா?"

நாங்கள் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். கவனிக்கவே இல்லை!

அவர் தன்னிடமிருந்த பேட்டரியை இணைத்துச் சாவியைத் திருப்பினார். மற்ற விளக்குகள் எரிந்தன. பேட்டரி விளக்கு மட்டும் எரியவில்லை. அந்த எல்.இ.டி.யைக் கழற்றி, தன் பெட்டியிலிருந்து ஒரு சாதாரணப் பழைய பல்பை எடுத்து மாட்டினார். இப்போது சிவப்பு விளக்கு எரிந்தது. இன்ஜின் ஓடியதும் அணைந்தது. ஹெட்லைட்டும் பிரகாசமாக எரிந்தது. ஒரு குட்டி பல்பு, அவ்வளவுதான்!

இது எப்படி என்று பார்ப்போமா?

இரண்டு வகை விளக்குகள்

பழைய பல்புக்குள் டங்ஸ்டன் உலோகத்தால் ஆன மெல்லிய இழை இருக்கிறது. மின்சாரம் பாயும்போது அது 2,000 டிகிரி செல்சியசுக்கும் மேல் சூடாகி ஒளிர்கிறது. நாளாக ஆக இழை மெலியும். வண்டியின் குலுக்கலில் ஒரு நாள் அறுந்துவிடும். அதைத்தான் 'ஃபியூஸ் போச்சு' என்கிறோம்.

எல்.இ.டி.யில் இழை கிடையாது. குறைக்கடத்தி எனப்படும் பொருளே நேரடியாக ஒளி தருகிறது. 1962ல் அமெரிக்காவின் நிக் ஹோலோன்யாக் கண்ணுக்குத் தெரியும் சிவப்பு எல்.இ.டி.யை உருவாக்கினார். வெள்ளை ஒளிக்கு நீல எல்.இ.டி. தேவைப்பட்டது. அதைச் சாதித்த இசாமு அகசாகி, ஹிரோஷி அமானோ, சுஜி நகமுரா ஆகிய மூவருக்கும் 2014ல் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது.

எல்.இ.டி. குறைந்த மின்சாரம் போதும் என்கிறது. அதிகம் சூடாவதில்லை. நீண்ட நாள் உழைக்கும். ஆனால் அது ஒரு வழிப் பாதை! மின்சாரம் ஒரு திசையில்தான் போகும். திருப்பி மாட்டினால் எரியாது. இழை பல்புக்கு அந்தக் கவலை இல்லை.

என் நண்பர் பேட்டரி விளக்கைத் திருப்பி மாட்டிவிட்டார். அது எரியவில்லை. சரி, விளக்கு எரியாததற்கும் பேட்டரி தீர்ந்ததற்கும் என்ன சம்பந்தம்?

பல்பு செய்த ரகசிய வேலை

கார் ஓடும்போது மின்சாரம் தயாரிக்கும் கருவிக்கு ஆல்டர்னேட்டர் என்று பெயர். அதன் நடுவே ஒரு மின்காந்தம் சுழல்கிறது. அது காந்தமாக மாற, முதலில் கொஞ்சம் மின்சாரம் வேண்டும். கிணற்று பம்ப்செட்டில் முதலில் ஒரு குடம் தண்ணீர் ஊற்றினால்தான் அது நீர் இறைக்கும் அல்லவா? அது போலத்தான்.

பல பழைய கார்களில் அந்த 'ஒரு குடம்' மின்சாரம் போகும் வழியே பேட்டரி விளக்குதான்! சாவியைத் திருப்பியதும் பேட்டரியிலிருந்து மின்சாரம் புறப்பட்டு, பல்பு வழியாக மின்காந்தத்துக்குப் போகிறது. பல்பும் எரிகிறது. இன்ஜின் ஓடியதும் ஆல்டர்னேட்டர் தானே மின்சாரம் தயாரிக்கிறது. அப்போது பல்பின் இரு பக்கமும் மின்னழுத்தம் சமமாகிவிடும். சம உயரத்தில் தண்ணீர் நிற்கும் இரண்டு தொட்டிகளைக் குழாயால் இணைத்தால் தண்ணீர் ஓடுமா? ஓடாது. அதே போல மின்னோட்டம் நின்று, விளக்கு அணைகிறது.

எங்கள் காரில் திருப்பி மாட்டிய எல்.இ.டி. அந்த வழியை அடைத்துவிட்டது. மின்காந்தம் விழிக்கவே இல்லை. சார்ஜ் ஏறவில்லை. அதைச் சொல்ல வேண்டிய விளக்கும் அதே எல்.இ.டி.தான். அதனால் எச்சரிக்கையும் இல்லை!

சரியான பக்கம் மாட்டியிருந்தால்? அப்போதும் சந்தேகம்தான். 3 வாட் பல்பு 12 வோல்டில் 0.25 ஆம்பியர் மின்னோட்டத்தை விடும். எல்.இ.டி. விடுவதோ சுமார் 0.02 ஆம்பியர். குடத்துக்குப் பதில் ஒரு டம்ளர்! அதனால் இத்தகைய கார்களில் பேட்டரி விளக்குக்கு மட்டும், கம்பெனி பொருத்திய அதே அளவு இழை பல்பே நல்லது. ஸ்பீடோமீட்டருக்கு வெளிச்சம் தரும் விளக்குகளை எல்.இ.டி. ஆக்கலாம். புதிய கார்களில் இந்த வேலையை மின்னணுச் சுற்றுகள் பார்த்துக்கொள்கின்றன.

செய்து பாருங்கள்

வண்டியில் கை வைக்க வேண்டாம், அது மெக்கானிக்கின் வேலை. வீட்டில் இதைச் செய்யலாம். 1.5 வோல்ட் பேட்டரி செல்கள் இரண்டு, ஒரு சிவப்பு எல்.இ.டி., 100 ஓம் மின்தடை ஒன்று வாங்குங்கள். மூன்றையும் வரிசையாக ஒரே சுற்றில் இணையுங்கள். எல்.இ.டி.யின் நீளமான கால் செல்லின் நேர்முனைப் பக்கம் இருக்க வேண்டும். எரிகிறதா? இப்போது எல்.இ.டி.யைத் திருப்பிப் போடுங்கள். எரியாது!

மின்தடை எதற்கு? இரண்டு செல்கள் தருவது 3 வோல்ட். சிவப்பு எல்.இ.டி.க்குச் சுமார் 2 வோல்ட் போதும். மீதி 1 வோல்டை 100 ஓமால் வகுத்தால் 0.01 ஆம்பியர். மின்தடை இல்லாவிட்டால் மின்னோட்டம் அளவு மீறி எல்.இ.டி. கெட்டுவிடலாம்.

உள்ளேன் ஐயா!

எச்சரிக்கை விளக்கு எரியவில்லை என்றால் இரண்டு அர்த்தம் உண்டு. ஒன்று, வண்டி நலம். இன்னொன்று, விளக்கே வேலை செய்யவில்லை! எது உண்மை என்று கண்டுபிடிக்கத்தான் சாவியைத் திருப்பியதும் அவை ஒரு முறை எரிகின்றன. வகுப்பில் பெயர் வாசிக்கும்போது "உள்ளேன் ஐயா" என்று சொல்வீர்களே, அதே போலத்தான். பேட்டரி விளக்கு, ஆயில் விளக்கு எல்லாம் பதில் சொல்ல வேண்டும். இண்டிகேட்டர் விளக்கும் ஹெட்லைட் ஹைபீமின் நீல விளக்கும் மட்டும் இந்தக் கணக்கில் சேராது. அவை பயன்படுத்தும்போதுதான் எரியும்.

இப்போதெல்லாம் என் நண்பர் காரை எடுக்கும் முன், முன் சீட்டில் உட்காரும் பேத்திதான் அந்தப் பெயர்களை வாசிக்கிறாள். "பேட்டரி... ஆயில்... எல்லாரும் வந்தாச்சு தாத்தா!" என்று அவள் சொன்ன பிறகுதான் வண்டி நகரும்.

உங்கள் வீட்டு வண்டியில் நாளைக்கு நீங்கள் வாசிக்கிறீர்களா?