ஏரிக்கு ஓரம் வேண்டும்

மழைக்குப் பின் ஏரியில் புதுத்தண்ணீர் வந்ததும் விரால் ஜோடி ஆழத்தைத் தேடிப் போவதில்லை. முழங்கால் அளவுத் தண்ணீரில், கோரைக்கும் பாசிக்கும் நடுவே, செடிகளை ஒதுக்கிச் சின்னதாக ஓர் இடம் செய்துகொள்ளும். முட்டைகள் அங்கே மிதந்து ஒன்றிரண்டு நாளில் பொரிந்துவிடும். செம்மஞ்சள் குஞ்சுகள் கூட்டமாக மேலே வந்து போக, பெற்ற மீன்கள் அடியில் சுற்றிக் காவல் காக்கும். சின்னக் கெண்டைகள் பலவும் இதே ஓரத்துச் செடிகளில்தான் முட்டையை ஒட்டி வைக்கின்றன. அயிரை, மணலும் சேறும் கலந்த அடியில் புதைந்து கிடக்கும்.

தூர்வாரும் கணக்கில் இந்த ஓரத்துக்கு இடமில்லை. எத்தனை கன மீட்டர் மண் வெட்டினோம், கொள்ளளவு எவ்வளவு கூடியது என்பதோடு கணக்கு முடிந்துவிடுகிறது. தூர்வார வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. தமிழ்நாட்டில் ஏறத்தாழ 39,000 ஏரி, கண்மாய்கள். பல மண் மேவிக் கிடக்கின்றன. ஆனால் பொக்லைனுக்குக் கரையடியிலிருந்தே வெட்டிக்கொண்டு போவது சுலபம். வெட்டி முடித்த ஏரி செங்குத்துச் சுவரும் தட்டை அடியுமாக ஒரு சட்டி போலாகிறது. கலங்கிய தண்ணீரில் வெளிச்சம் அதிக ஆழத்துக்கு இறங்காது. வெளிச்சம் எட்டாத அடியில் செடி முளைக்காது. நடுவில் எவ்வளவு ஆழமும் வெட்டலாம், ஓரத்துச் சரிவை மட்டும் விட்டுவைக்க வேண்டும். இழக்கும் கொள்ளளவு சொற்பம்.

கிராமத்துக் கண்மாய்க்கு ஒரு வசதி உண்டு: கோடையில் வற்றிவிடும். 2017-இல் குடிமராமத்து என்ற பெயரில் தொடங்கிய பணிகளானாலும், விவசாயிகள் வயலுக்கு வண்டல் அள்ளுவதானாலும் காய்ந்த தரையில் செய்ய முடியும். தண்ணீர் கலங்கும் சிக்கலே எழாது. ஆனால் அந்த நேரத்தில் மீன் எங்கே இருக்கும்? கடைசியாக வற்றும் குட்டத்தில். விராலும் குரவையும் காற்றை நேராகச் சுவாசிக்கக்கூடியவை. ஈரச் சேற்றிலும் தாக்குப்பிடிக்கும். அந்த ஒரு குட்டத்தைத் தொடாமல் விட்டால் அடுத்த மழைக்கு வேண்டிய தாய்மீன் கண்மாயிலேயே இருக்கும். மற்ற மீன்கள் வாய்க்காலிலிருந்து புதுத்தண்ணீரை எதிர்த்து ஏறி வரும். உபரித் தண்ணீர் வழியும் கலங்கலுக்குக் கீழே உயரமாகக் கான்கிரீட் சுவர் எழுப்பிவிட்டால் அந்த வழியும் போயிற்று.

நகரத்து ஏரியின் கதை வேறு. கழிவுநீர் கலப்பதால் பல ஏரிகள் வற்றுவதே இல்லை. மிதவை இயந்திரம் தண்ணீருக்குள்ளிருந்தே சேற்றை அள்ளுகிறது. ஆண்டுக்கணக்கில் காற்றுப் படாத கறுப்புச் சேறு அது. அழுகிய முட்டை நாற்றம் அடிக்கிறதே, அது ஹைட்ரஜன் சல்பைடு. அதுவும் உடனிருக்கும் இரும்புச் சேர்மங்களும் கிளறிவிடப்பட்டதும் தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜனை இழுத்துக்கொள்ளும். நம் ஊர் வெப்பத்தில் அந்த இருப்பே குறைவு: 20 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீர் சுமார் 9 மில்லிகிராம் ஆக்சிஜனைத் தாங்கும், 30 டிகிரியில் 7.5 மட்டுமே. பாசி மண்டிய ஏரியில் விடியும் முன் அது இன்னும் சரியும். ஆகவே வேலை நடக்கும் நாட்களில் ஆக்சிஜனை அளக்க வேண்டிய நேரம் விடியற்காலை. அதிகாரிகள் வந்து பார்க்கும் பதினோரு மணி அல்ல.

மிதக்கும் நுண்மண் செவுளில் படியும், அடியில் இறங்கி முட்டைகளை மூடும். இதற்கு வண்டல் திரை உண்டு: மேலே மிதவை, கீழே சங்கிலிக் கனம், நடுவே கெட்டியான துணி. வெட்டும் பகுதியைச் சுற்றிக் கட்டினால் கலங்கிய தண்ணீர் மற்ற இடங்களுக்குப் பரவுவது பெரிதும் குறையும். ஓடும் ஆற்றில் இது அவ்வளவாகப் பயன்படாது. தேங்கிய ஏரிக்குப் பொருத்தம். அள்ளிய சேற்றைக் கரையிலேயே குவித்தால் முதல் மழையில் எல்லாம் உள்ளே திரும்பும்.

அடுத்தது கரை. உள்சரிவில் சாந்து பூசாமல் அடுக்கிய அலைகற்கள் மீனுக்கும் உதவின. கல்லிடுக்கில் குஞ்சுகள் ஒளியும், செடி வேர் பிடிக்கும். இடுக்குகளை சிமென்ட்டால் அடைத்தாலோ நேர்ச்சுவர் கட்டினாலோ பார்க்கச் சுத்தமாக இருக்கும், நடைபாதைக்கும் அழகு. ஆனால் சுவரில் மோதித் திரும்பும் அலை அதன் அடிமண்ணையே அரிக்கும். அலை மிதமாக உள்ள இடங்களில் தென்னைநார்ச் சுருளைக் கரையோரம் பதித்துக் கோரையோ வெட்டிவேரோ நடலாம். சில ஆண்டுகளில் நார் மக்கிவிடும். அதற்குள் வேர் மண்ணைப் பிடித்திருக்கும்.

இப்படி மீனின் இடத்தைக் காக்கச் சட்டமே வைத்திருக்கும் நாடும் உண்டு. கனடாவின் மீன்வளச் சட்டம் மீனைக் கொல்வதோடு மீனின் வாழிடத்தைச் சிதைப்பதையும் தடுக்கிறது. 1977-இல் வந்த இந்தப் பாதுகாப்பு 2012-இல் தளர்த்தப்பட்டு 2019-இல் மீண்டும் வந்தது. மீன் முட்டையிடும் பருவத்தில் தண்ணீருக்குள் வேலை செய்ய அங்கே கட்டுப்பாடு உண்டு. நம் ஏரிகளுக்கு அந்தப் பருவம் மழைக்காலம். ஒப்பந்தம் தாமதமாகி, முதல் மழைக்குப் பின்னும் இயந்திரம் உள்ளே நின்றால் கேட்க யாருமில்லை.

இழப்பு வெளியே தெரியாததற்குக் காரணம் உண்டு. தூர்வாரி முடித்ததும் கட்லா, ரோகு குஞ்சுகளை வாங்கி விடுகிறோம். இவை ஆற்று மீன்கள், தேங்கிய தண்ணீரில் முட்டையிடாதவை. 1957-இல் ஒடிசாவில் ஹிராலால் சௌத்ரி பிட்யூட்டரிச் சாற்றை ஊசியாகச் செலுத்தி இவ்வகைக் கெண்டைகளை முட்டையிட வைத்த பிறகே பண்ணைக் குஞ்சு தாராளமாகக் கிடைக்கத் தொடங்கியது. கூடவே 1952-இல் இந்தியாவுக்கு வந்த ஜிலேபி கெண்டை பெருகும். வெறும் தரையில் குழி பறித்து, முட்டையை வாயிலேயே வைத்துப் பொரிக்கும் அதற்குச் செடி எதற்கு? குத்தகைக் கணக்கில் எடை குறையாது. மழை ஓய்ந்தபின் கரையோரம் ஒரு சின்ன வலையை இழுத்து, அதில் விரால் குஞ்சும் அயிரையும் அகப்படுகின்றனவா என்று பார்த்தால்தான் உண்மைக் கணக்கு தெரியும். அந்தச் செலவையும் ஒப்பந்தத்திலேயே சேர்க்கலாம்.