குழாயின் அளவும் விடியற்காலைக் கணக்கும்

கடாரத்து மண்ணில் நீர் எளிதாய்க் கிடைப்பதாகத் தோன்றும். ஆயினும் மூடா, பெடு அணைகள் தேக்கும் நீரை நெல்வயல்கள் எதிர்நோக்குகின்றன. மூடா ஆற்றை அண்டை மாநிலமாகிய பினாங்கும் நம்பியுள்ளது. ஆகவே, வீட்டுக்கு எத்துணைப் பருமனுள்ள குழாய் வேண்டும் என்பது கணக்குப் பயில்வோரும் எண்ணிப் பார்க்கத்தக்க வினாவாகும்.

ஒரு லயத்தில் பத்து வீடுகள். வீட்டுக்கு ஒரு குழாய். அவற்றுக்கெல்லாம் நீர் கொண்டுவரும் தாய்க்குழாய், பத்தும் ஒருசேரத் திறந்திருக்கும் என்று கருதி அமைக்கப்பட வேண்டுமா? வேண்டியதில்லை என்பதை நிகழ்தகவின் துணையால் 1940இல் விளக்கியவர், அமெரிக்கத் தேசியத் தர நிறுவனத்தின் ஆய்வாளர் ராய் ஹண்டர். ஒவ்வொரு குழாயும் பத்து நிமிடத்தில் ஒரு நிமிடம் திறந்திருப்பதாகக் கொள்வோம். நான்கிற்கு மேற்பட்டவை ஒரே கணத்தில் திறந்திருக்கும் வாய்ப்பு ஐந்நூற்றில் ஒன்றுக்கும் குறைவு. வீடுகள் இருபதானால், எட்டுக் குழாய்க்கான அளவு வேண்டுவதில்லை, ஆறுக்கானதே போதும்.

இக்கணக்கு ஒரு நிபந்தனையின்மேல் நிற்கிறது: ஒருவர் குழாயைத் திறப்பது மற்றவர் திறப்பதைச் சார்ந்திராது. தோட்டத்து விடியற்காலை அந்நிபந்தனைக்கு அடங்குவதில்லை. பெரட்டுக்கு முன்னர் எல்லாரும் ஒரே வேளையில் எழுகின்றனர். அவ்வேளையில் ஒவ்வொரு குழாயும் பாதி நேரம் திறந்திருக்குமாயின், நான்கு குழாய்க்கான அளவு போதாமற்போகும் வாய்ப்பு நூற்றுக்கு அறுபதைத் தாண்டும். வறண்டு நிற்பது லயத்தின் கடைசி வீடு. தொழிலாளர்க்குக் குழாய்நீர் வழங்கும் கடமையை 1990ஆம் ஆண்டின் வீட்டுவசதிச் சட்டம் முதலாளியின்மேல் வைத்திருக்கிறது. குழாயின் அளவு சரியாயிருந்தால்தான் அவ்வுரிமை தண்ணீராகக் குடத்தில் விழும்.

சுங்கைப்பட்டாணி, கூலிம் போன்ற நகரங்களின் வரிசை வீடுகளில் நேர்வது இதற்கு எதிரான பிழை. கழிவறையை ஒருமுறை கழுவ ஏறத்தாழ 15 லிட்டர் என்று ஹண்டர் கொண்டார். இன்றைய தொட்டிகளுக்கு 6 லிட்டரே போதும். பழைய அட்டவணையை அப்படியே பின்பற்றினால் குழாய் தேவைக்கு மேல் பெருத்துவிடும். கூரைமேலுள்ள வெந்நீர்க் கலத்திலிருந்து குளியலறை வரை 12 மீட்டர் எனக் கொள்க. உள்விட்டம் 15 மில்லிமீட்டரானால் குழாயினுள் நிற்பது 2.1 லிட்டர், 25 மில்லிமீட்டரானால் 5.9 லிட்டர். ஆறிப்போன அந்நீர் முழுதும் வடிந்த பின்னரே வெந்நீர் வரும். ஒவ்வொரு முறையும் 3.8 லிட்டர் கூடுதலாக வீணாகிறது. அதனை 28 பாகையிலிருந்து 50 பாகைக்குச் சூடாக்கச் செலவான வெப்பம், மின்சாரக் கணக்கில் ஏறத்தாழ 0.1 யூனிட். மேலும், பருத்த குழாயில் நீர் நெடுநேரம் தேங்குவதால் அதிலுள்ள குளோரினின் ஆற்றலும் குன்றும்.

இதனால் குழாயை மனம்போல் சிறிதாக்கலாம் என்பதன்று. அதே அளவு நீர் ஓடுகையில், விட்டம் பாதியானால் உராய்வால் இழக்கும் அழுத்தம் ஏறத்தாழ 32 மடங்காகும். குளியலறைக் குழாய்க்கு மூன்று மீட்டர் உயரத்திலுள்ள தொட்டி தரும் அழுத்தமோ 0.3 பார் மட்டுமே.

எனவே அளவைத் தீர்மானிக்க வேண்டியது குழாய்களின் எண்ணிக்கை மட்டுமன்று. அவை ஒருசேரத் திறக்கும் வேளையுமாகும். மாணவர்கள் தத்தம் வீட்டில் காலை ஒரு மணி நேரம், எந்தக் குழாய் எப்போது திறந்திருந்தது என்று குறித்து வரட்டும். அக்குறிப்புகளை வகுப்பில் ஒன்றுசேர்த்தால், நிகழ்தகவுப் பாடத்துக்கு அதனினும் நல்ல அட்டவணை வேண்டுவதில்லை.