டி டிரைவ் எங்கே போயிற்று?

அமாவாசை நெருங்கினால் மேல்மலையனூரில் யாரும் கடைக் கம்ப்யூட்டரைப் பிரிக்கத் துணியமாட்டார்கள். நள்ளிரவு அங்காளம்மன் ஊஞ்சலுக்கு வரும் கூட்டத்தில் பிரிண்டும் ஜெராக்ஸும் கேட்டு வருகிறவர்களும் இருப்பார்கள். ஆனால் சிஸ்டம் படுப்பதற்கு நாள் நட்சத்திரம் கிடையாது. ஒரு போட்டோ ஸ்டுடியோ என்று வைத்துக்கொள்வோம். சிபியுவைத் தூக்கிக்கொண்டு வளத்தி வழியாகச் செஞ்சிக்குப் போய், ஓஎஸ் போட்டு வாங்கி வந்தாயிற்று. திறந்தால் சி டிரைவ் இருக்கிறது. மூன்று வருடக் கல்யாண ஆல்பங்கள் இருந்த டி டிரைவைக் காணோம். அல்லது டி இருக்கிறது, ஆனால் அது டிவிடி டிரைவ்.

பெரும்பாலும் ஆல்பங்கள் எங்கும் போகவில்லை. எழுத்துதான் மாறியிருக்கிறது.

நம் ஊர்க் கதவுகளில் 'பழைய எண் 12, புதிய எண் 27' என்று எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். வீடு நகரவில்லை, பதிவேடுதான் மாறியது. டிரைவ் எழுத்தும் அப்படித்தான். 'டி' என்ற எழுத்து ஹார்ட்டிஸ்கில் எழுதப்பட்டிருப்பதில்லை. டிஸ்குக்கு உள்ள அடையாளக் குறியைப் பார்த்து, 'இது டி, இது இ' என்று விண்டோஸ் தன்னுடைய ரெஜிஸ்ட்ரியில் குறித்து வைத்துக்கொள்கிறது. ஓஎஸ்ஸைப் புதிதாகப் போட்டால் அந்தப் பதிவேடும் புதிது. விண்டோஸ் தனக்குச் சி எடுத்துக்கொண்டு, மற்றவற்றுக்குக் கண்ணில் பட்ட வரிசையில் எழுத்து கொடுக்கும். டிவிடி டிரைவோ, செருகியபடியே விட்ட பென்டிரைவோ முந்திக்கொண்டால் உங்கள் பழைய டி, இ ஆகிவிடும். சில நேரம் எழுத்தே கிடைக்காது. எழுத்தில்லாத டிரைவ் 'திஸ் பிசி'யில் தெரியாது.

(ஏன் சியில் தொடங்குகிறது? 1981இல் ஐபிஎம் பிசி வந்தபோது ஏ, பி இரண்டும் ஃபிளாப்பிக்குப் போயின. 1983இல் ஹார்ட்டிஸ்கோடு வந்த மாடலில் அதற்குச் சி. ஃபிளாப்பி ஒழிந்தும் அந்த இரண்டு நாற்காலிகளில் விண்டோஸ் தானாக வேறு யாரையும் உட்காரவைப்பதில்லை.)

இப்போது என்ன செய்வது? விண்டோஸ் பொத்தானையும் எக்ஸையும் சேர்த்து அழுத்தி, வரும் பட்டியலில் 'டிஸ்க் மேனேஜ்மென்ட்'டைத் திறங்கள். எதையும் அழுத்துவதற்கு முன்னால் ஒரு நிமிடம் பாருங்கள். டிஸ்க் முழுவதும் கட்டம் கட்டமாகத் தெரியும். உங்கள் பழைய டியை அதன் அளவை வைத்து அடையாளம் காணலாம்.

கட்டம் இருக்கிறது, எழுத்து இல்லை அல்லது வேறு எழுத்து என்றால் நிம்மதி. அதன்மேல் ரைட் கிளிக் செய்து, 'சேஞ்ச் டிரைவ் லெட்டர் அண்ட் பாத்ஸ்' என்பதில் டியைக் கொடுங்கள். டியை டிவிடி பிடித்துக்கொண்டிருந்தால், முதலில் அதை இசட்டுக்குத் தள்ளிவிட்டு வாருங்கள். பழைய எழுத்தே வேண்டும் என்று நான் அடம்பிடிப்பதற்குக் காரணம் உண்டு: ஆல்பம் மென்பொருள், டாலி, டெஸ்க்டாப் ஷார்ட்கட் எல்லாம் 'டியில் இந்த ஃபோல்டர்' என்றே முகவரி வைத்திருக்கும். எழுத்து திரும்பினால் அவை ஒவ்வொன்றுக்கும் புது வழி காட்ட வேண்டியதில்லை. டிரைவ் திறந்து, உள்ளே ஒரு ஃபோல்டர் மட்டும் 'அனுமதி இல்லை' என்றால் பயப்படாதீர்கள். பழைய விண்டோஸின் பயனர் கணக்கு போய்விட்டதால் வரும் கேள்வி அது. 'கன்டினியூ' கொடுத்தால் பெரும்பாலும் திறந்துவிடும்.

100 எம்பி, 500 எம்பி என்று எழுத்தில்லாத குட்டிக் கட்டங்களும் இருக்கும். கம்ப்யூட்டர் கிளம்புவதற்கும் பழுது பார்ப்பதற்குமான இடங்கள் அவை. இடம் வீணாகிறதே என்று அழித்தால் மறுபடி செஞ்சிக்கு பஸ் ஏற வேண்டியதுதான்.

ஆபத்தான இடம் வேறு. டிரைவைத் திறக்கப் போனால் 'ஃபார்மட் செய்தால்தான் பயன்படுத்த முடியும்' என்று கேட்கிறதா? 'கேன்சல்' கொடுங்கள். அந்தக் கட்டத்தின் வடிவம் விண்டோஸுக்குப் புரியவில்லை என்பதுதான் அதன் பொருள். காலி என்று பொருளல்ல. 2011இல் தொடங்கிய தமிழக அரசின் இலவச லேப்டாப்பை இன்னும் பீரோவில் வைத்திருக்கும் வீடுகள் இதைக் கவனிக்க வேண்டும். எல்காட் மூலம் வந்தவற்றில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தவை உண்டு. லினக்ஸில் டிரைவ் எழுத்து என்ற பழக்கமே இல்லை. அதன் பார்ட்டிஷனை விண்டோஸால் படிக்கவும் தெரியாது. விண்டோஸை மறுபடி போட்டபின் லினக்ஸைத் தேர்ந்தெடுக்கும் திரையும் மறைந்துவிடலாம். அந்தப் பார்ட்டிஷனில் பிள்ளைகள் எதையாவது சேமித்திருந்தால் அது அங்கேயேதான் இருக்கும். லினக்ஸ் பென்டிரைவில் பூட் செய்தால் எடுத்துவிடலாம்.

'அன்அலகேட்டட்' என்று கறுப்புப் பட்டை தெரிந்தால் விஷயம் கொஞ்சம் மோசம். ஓஎஸ் போட்டவர் பார்ட்டிஷனையே நீக்கியிருக்கிறார். அந்த டிஸ்கில் புதிதாக எதையும் எழுதாமல், மெஷினை அணைத்துவிட்டு, தரவு மீட்பு தெரிந்தவரிடம் கொடுங்கள். எழுத எழுதப் பழைய ஆல்பத்தின் மேல் மண் விழும். 'டிஸ்க்பார்ட்' கட்டளைகளை வீடியோ பார்த்து அடிப்பவர்களுக்கும் ஒன்று: அதில் 'கிளீன்' என்பது குப்பையைக் கூட்டுவதல்ல, அந்த டிஸ்கின் பார்ட்டிஷன்கள் மொத்தத்தையும் நீக்குவது.

டிரைவில் பூட்டுப் படம் தெரிந்தால் அது பிட்லாக்கர். 48 இலக்க மீட்பு எண் வேண்டும். பெரும்பாலும் பழைய மைக்ரோசாஃப்ட் கணக்கில் கிடைக்கும். எங்கும் இல்லையென்றால் திறக்க வழியில்லை. விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதி முடிந்ததால் பலர் 11 போடுகிறார்கள். அதில் இந்தப் பூட்டு தானாகவே விழுந்திருக்க வாய்ப்பு உண்டு. ஓஎஸ் மாற்றுமுன் எண்ணைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

எக்ஸ்பி காலத்தில் ஸ்டுடியோக்காரர்களுக்கு இன்னொரு தொல்லை இருந்தது. கார்டு ரீடரின் நாலு துளைகளும் முன் எழுத்துகளைப் பிடித்துக்கொள்ள, விண்டோஸே எஃப்பிலோ ஜீயிலோ போய் உட்காரும். விண்டோஸ் இருக்கும் டிரைவின் எழுத்தை மட்டும் டிஸ்க் மேனேஜ்மென்டில் மாற்ற முடியாது. மறுபடி ஓஎஸ் போட வேண்டியதுதான். கார்டு ரீடர், பென்டிரைவ், வெளி ஹார்ட்டிஸ்க் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, ஓஎஸ் இருக்கும் பென்டிரைவை மட்டும் செருகும் பழக்கம் இன்றைக்கும் நல்லது.

சிஸ்டத்தைத் தூக்கிக்கொண்டு கிளம்புமுன், ஒவ்வொரு டிரைவின்மேலும் ரைட் கிளிக் செய்து 'ரீநேம்' கொடுத்து 'கல்யாண ஆல்பம்', 'கடைக் கணக்கு' என்று பெயர் வையுங்கள். எழுத்தைப் போலன்றி இந்தப் பெயர் டிஸ்கிலேயே எழுதப்படும். செஞ்சியில் ஓஎஸ் போடுகிற தம்பி எந்தக் கட்டத்தைத் தொடக்கூடாது என்பதை அதைப் படித்தே தெரிந்துகொள்வார்.