தக்காளிக்கு எட்டாத சுண்ணாம்பு

மொட்டைமாடியில் எட்டுப் பைகளில் தக்காளி வைத்த வருஷம் அது. செடி இடுப்பளவு வளர்ந்து, கொத்துக் கொத்தாகப் பிஞ்சு பிடித்திருந்தது. காய் எலுமிச்சை அளவு வந்ததும் அடிப்பக்கத்தில், பூ உதிர்ந்த இடத்தில், தண்ணீரில் ஊறியதுபோல ஒரு வட்டம் தெரிந்தது. நாலே நாளில் அது பழுப்பாகி, உள்ளே அமுங்கி, பழைய செருப்புத் தோல் மாதிரி கறுத்துவிட்டது. மேலே பார்த்தால் பளபளவென்று பச்சை. திருப்பிப் பார்த்தால் பாதிக் காய் இல்லை. முதல் கொத்தில் ஆறு காயில் ஐந்து இப்படிப் போயிற்று.

கீழ்வீட்டு அக்கா பார்த்துவிட்டு, "கால்சியம் பத்தல தம்பி. முட்டை ஓட்டை நொறுக்கிப் போடுங்க, சரியாயிடும்" என்றார். போட்டேன். சரியாகத்தான் ஆயிற்று. அடுத்தடுத்த கொத்துகளில் கறுப்பு குறைந்து, நாலாவது கொத்தில் ஒரு காய்கூடப் போகவில்லை. பருவம் முடிந்து பையைக் கவிழ்த்தபோது முட்டை ஓடு அத்தனையும் போட்டது போட்டபடி வெளியே வந்து விழுந்தது. நொறுக்கிய துண்டுகளின் முனைகூட மழுங்கவில்லை. அப்படியானால் தக்காளியைக் குணப்படுத்தியது எது?

முட்டை ஓடு கிட்டத்தட்ட முழுக்கவே கால்சியம் கார்பனேட். சுண்ணாம்புக்கல்லும் அதேதான். வினிகரில் போட்டால் நுரைத்துக் கரையும். வெறும் தண்ணீரில் கரையாது. எங்கள் வீட்டு போர் தண்ணீர் காரத்தன்மை கொண்டது. அதைக் குடித்த பைக்குள் ஓடு கரைய வருஷக் கணக்காகும். மாவாக அரைத்துப் போட்டால் கொஞ்சம் சீக்கிரம் கரையலாம். ஆனால் தொண்ணூறு நாளில் காய்த்து ஓயும் செடிக்கு அதுவும் தாமதம்தான்.

அந்தக் கறுப்பு பூஞ்சையாலோ பாக்டீரியாவாலோ வருவதில்லை. காயின் நுனியிலுள்ள செல்களுக்குக் கால்சியம் போய்ச் சேராததால் அவை உடைந்து மடிகின்றன. செல் சுவர்களுக்கு இடையே பெக்டின் என்ற பசை இருக்கிறது; அதை இறுக்கிப் பிடிப்பது கால்சியம். நம் பழைய வீடுகளில் செங்கல்லுக்கு இடையே சுண்ணாம்புச் சாந்து செய்த வேலையை இங்கே செடிக்குள் அதே சுண்ணாம்புச் சத்து செய்கிறது. சாந்து இல்லாமல் அவசரமாக எழுப்பிய சுவர் சரிகிற இடம்தான் அந்தக் கறுப்பு வட்டம்.

வினோதம் என்னவென்றால், அடி கறுத்த அதே செடியின் இலையைப் பறித்துச் சோதித்தால் கால்சியம் தாராளமாக இருக்கும். எடைக்கு எடை பார்த்தால் காயில் இருப்பதைவிட இலையில் பல மடங்கு அதிகம். மண்ணில் இருக்கிறது, வேரில் இருக்கிறது, இலையில் குவிந்து கிடக்கிறது. காய்க்கு மட்டும் எட்டவில்லை.

செடிக்குள் இரண்டு குழாய் வரிசைகள் உண்டு. வேரிலிருந்து தண்ணீரை மேலே ஏற்றுவது சைலம். இலையில் சமைத்த சர்க்கரையைக் காய்க்கும் வேருக்கும் கொண்டுபோவது புளோயம். கால்சியம் சைலத்தில் மட்டும்தான் பயணம் செய்யும். புளோயத்தில் ஏறவே ஏறாது என்று சொல்லிவிடலாம். சைலத்தை இழுக்கும் விசை, இலைத் துளைகள் வழியாக நீர் ஆவியாவது. எங்கே ஆவியாதல் அதிகமோ அங்கேதான் கால்சியமும் போகும். தக்காளிப் பழத்தோலில் அந்தத் துளைகளே கிடையாது. காய் பருப்பதற்கு வேண்டிய தண்ணீரில் பெரும்பங்கு சர்க்கரையோடு சேர்ந்து புளோயம் வழியாக வருகிறது. அந்த வண்டியில் கால்சியத்துக்கு இடமில்லை. இலையில் ஒருமுறை இறங்கிய கால்சியம் அங்கேயே தங்கிவிடும். எனவே இலை மீது கால்சியம் தெளித்தால் காய் தேறும் என்பதில் பெரிய அர்த்தமில்லை. பிஞ்சின் மேலேயே படும்படி தெளித்தால் ஏதோ கொஞ்சம் ஒட்டலாம்.

பின் காய்க்கு எப்போதுதான் கிடைக்கும்? பெரும்பாலும் இரவில். சூரியன் போனபின் இலைத் துளைகள் மூடிக்கொள்ளும். ஈரமான வேர் மட்டும் உப்பையும் நீரையும் உறிஞ்சி மேலே தள்ளிக்கொண்டே இருக்கும். விடிகாலையில் மாடிக்குப் போனால் தக்காளி இலையின் ஓரப் பற்களில் முத்து முத்தாக நீர் நிற்பதைப் பார்க்கலாம். பனி என்று நினைத்துத் துடைத்துவிடுவோம். அது வேர் தள்ளிய நீர். இலையின் இழுப்பு இல்லாத அந்த நேரத்தில்தான் காய்க்கும் அதன் பங்கு கொஞ்சம் கிடைக்கிறது. மாலையிலேயே பை காய்ந்துபோயிருந்தால் இந்த இரவு விநியோகம் நின்றுவிடும்.

என் முதல் கொத்து பிஞ்சு விட்ட சமயம், நான் ஒரு கல்யாணத்துக்காக இரண்டு வாரம் ஊருக்குப் போயிருந்தேன். பக்கத்து வீட்டுப் பையன் ஒருநாள் விட்டு ஒருநாள் வந்து குடம் குடமாக ஊற்றினான். பூ விழுந்து முதல் இரண்டு வாரம்தான் காய் மளமளவென்று பருக்கும், நுனிக்குக் கால்சியம் கட்டாயம் வேண்டிய காலம். அதே இரண்டு வாரம் என் பைகள் பாலையும் வெள்ளமுமாக இருந்தன. திரும்பி வந்து தினமும் காலையும் மாலையும் நான் ஊற்ற ஆரம்பித்ததுதான் மருந்து. பெயர் வாங்கியது முட்டை ஓடு.

இத்தோடு விஷயம் முடிந்துவிட்டால் நல்லது. முடியவில்லை. அடுத்த வருஷம் செம்மண் கலவையை விட்டுவிட்டு, முழுக்கத் தென்னை நார்க்கழிவுக்கு மாறினேன். மாடிக்குப் பாரம் குறையும் என்பது காரணம். தண்ணீர் தவறாமல் ஊற்றினேன். அப்படியும் அடி கறுத்தது. இம்முறை கீழ் இலைகளும் மஞ்சளாயின.

பொள்ளாச்சிப் பக்கம் தேங்காய் நார் எடுக்கும் மஞ்சி மில்களின் ஓரத்தில் ஒருகாலத்தில் இந்தத் தூள் மலைபோலக் குவிந்து கிடக்கும், சீண்டுவார் இல்லை. இன்று அது கட்டியாக அழுத்தப்பட்டு நெதர்லாந்தின் கண்ணாடிக் குடில்கள்வரை போகிறது. 5 கிலோ கட்டி ஒன்று தண்ணீரில் ஊறினால் 70 லிட்டர் அளவுக்கு உப்பும். நீரைப் பிடித்துக்கொள்ளும், காற்றும் விடும். ஆனால் அதற்கென்று ஒரு குணம் இருக்கிறது. தென்னை பொட்டாசியத்தை விரும்பிச் சாப்பிடும் மரம், மட்டையில் அதைச் சேர்த்தும் வைக்கும். உப்புக் காற்றிலும் உப்பங்கழியிலும் பட்ட மட்டை என்றால் சோடியமும் கூட. தூளின் பரப்பெங்கும் எதிர் மின்னேற்றம் கொண்ட இருக்கைகள். அவற்றில் இந்தப் பொட்டாசியமும் சோடியமும் அமர்ந்திருக்கும்.

நெரிசலான டவுன் பஸ்ஸை நினைத்துக்கொள்ளுங்கள். கட்டியை நாலு முறை நல்ல தண்ணீரில் அலசினால், நின்றுகொண்டு வந்தவர்கள் இறங்கிவிடுகிறார்கள். அலசிய நீர் தேயிலைச் சாயத்தில் வரும். டிடிஎஸ் மீட்டரும் குறைத்துக் காட்டும். சுத்தமாகிவிட்டது என்று நாம் நம்பிவிடுவோம். சீட்டில் உட்கார்ந்தவர்கள் அசைந்திருக்கவே மாட்டார்கள். இரட்டை நேர் மின்னேற்றம் கொண்ட கால்சியமும் மக்னீசியமும் வந்தால்தான் அவர்கள் எழுவார்கள். ஒரு கால்சியம் இரண்டு பேரை எழுப்பிவிட்டு அந்த இரண்டு இடத்திலும் தானே உட்காரும். அதாவது, நாம் செடிக்கென்று ஊற்றும் கால்சியத்தை முதலில் பிடித்துக்கொள்வது பைதான். பதிலுக்கு அது விடுவிப்பது பொட்டாசியமும் சோடியமும். அவை வேரருகே மிகுந்தால் மிச்சமிருக்கிற கால்சியத்தையும் மக்னீசியத்தையும் வேர் எடுப்பது இன்னும் குறையும். செடிக்கு இரட்டை அடி.

ஏற்றுமதிக்குப் போகும் நல்ல சரக்கைக் கால்சியம் நைட்ரேட் கரைசலில் ஊறவைத்து, சீட்டை மாற்றிவிட்டுத்தான் அனுப்புகிறார்கள். நம் ஊர்க் கடையில் 'லோ ஈசி', அதாவது உப்பு குறைவு, என்று எழுதி விற்பது பெரும்பாலும் அலசியது மட்டுமே. இப்போது நான் 5 கிலோ கட்டிக்கு 100 கிராம் கால்சியம் நைட்ரேட்டைக் கரைத்து, ஓர் இரவு ஊறவிட்டு, வடித்து, ஒருமுறை அலசிப் பையில் நிரப்புகிறேன். உர விலையில் இது பெரிய செலவில்லை. போன வருஷம் இழந்த காய்களின் விலையைவிட நிச்சயம் குறைவு.

அடுத்து வாளி. செடிக்கு என்ன தண்ணீர் ஊற்றுகிறோம் என்று கேட்காமல் உரம் சொல்கிறவர்களை நான் நம்புவதில்லை. குடிநீரின் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது, வேறு வழியில்லை என்றால் 600 வரை போகலாம் என்பது இந்தியத் தர நிர்ணயம். இந்தக் கடினம் என்பதே கால்சியமும் மக்னீசியமும்தான். உங்கள் போர் தண்ணீர் 300 காட்டுகிறது, அதில் மூன்றில் இரண்டு பங்கு கால்சியத்தால் வந்தது என்று வையுங்கள். லிட்டருக்கு 80 மில்லிகிராம் கால்சியம், 24 மில்லிகிராம் மக்னீசியம். ஒரு பை தினம் 2 லிட்டர் குடித்தால் மாதத்தில் கிட்டத்தட்ட 5 கிராம் கால்சியம் இறங்குகிறது. இரண்டு முட்டை ஓட்டில் இருக்கிற அளவு, அதுவும் முழுக்கக் கரைந்த நிலையில். குழாயில் வெள்ளைப் படிவும் கெட்டிலில் சுண்ணாம்பும் கட்டும் வீட்டில், செம்மண் பையில் வளர்கிற செடிக்குக் கால்சியம் வாங்கி ஊற்றுவது கடலில் உப்பு கரைப்பதுதான்.

ஆர்.ஓ. தண்ணீரோ மழைநீரோ ஊற்றுகிறவர் கதை நேர் எதிர். அந்த நீரில் இந்த இரண்டும் அனேகமாக இல்லை. கடையில் தரும் 'ஆல் நைன்டீன்' பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள்: தழை, மணி, சாம்பல் மூன்றும் சமமாக 19, கால்சியமும் மக்னீசியமும் பூஜ்யம். வயலில் மண் அதை ஈடுகட்டிவிடும். ஆர்.ஓ. நீரும் நார்க்கழிவும் சேர்ந்த பையில் ஈடுகட்ட ஆளில்லை. 'கால்-மேக்' என்று பாட்டிலில் விற்கும் திரவம் கைகொடுப்பது இப்படிப்பட்ட பைகளுக்குத்தான். அதை எல்லார் மாடிக்கும் சர்வரோக நிவாரணியாக விற்கிறார்கள்.

மக்னீசியம் வேறு சுபாவம். பச்சையத்தின் நட்ட நடுவில் உட்கார்ந்திருக்கும் அணு அது. அந்தப் பச்சையத்தின் அமைப்பை ஆராய்ந்ததற்காக ஜெர்மன் வேதியியலாளர் ரிச்சர்ட் வில்ஸ்டேட்டருக்கு 1915-இல் நோபல் பரிசு கிடைத்தது. கால்சியம் போல இது ஓரிடத்தில் குத்தவைத்துவிடாது, புளோயத்திலும் ஏறும். தட்டுப்பாடு வந்தால் செடி பழைய இலையைக் கலைத்து, அதிலுள்ளதைக் கொழுந்துக்கு அனுப்பிவிடும், வீட்டுப் பெரியவர்கள் தங்கள் தட்டிலிருந்து பிள்ளைக்கு எடுத்து வைப்பதுபோல. அதனால் மஞ்சள் கீழ் இலையில் தொடங்கும். நரம்பு பச்சையாகவே இருக்கும், நரம்புகளுக்கு இடைப்பட்ட சதை மட்டும் வெளுக்கும். இதே கோலம் மேலே கொழுந்தில் தெரிந்தால் அது பெரும்பாலும் இரும்புச்சத்துக் குறை. கடின நீர் ஊற்றும் மாடிகளில் அதுதான் அதிகம். அங்கே மக்னீசியம் போட்டுப் பிரயோஜனமில்லை. வாழைப்பழத் தோலை ஊறவைத்து வாராவாரம் ஊற்றுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை: அதில் இருப்பது முக்கியமாகப் பொட்டாசியம். ஏற்கெனவே பொட்டாசியம் மிகுந்த நார்க்கழிவுப் பையில் அது மக்னீசியக் குறையைக் கூட்டத்தான் செய்யும்.

மக்னீசியத்துக்கு மலிவான வழி எப்சம் உப்பு. லண்டனுக்குத் தெற்கே எப்சம் என்ற ஊரின் கசப்புக் கிணற்றிலிருந்து பதினேழாம் நூற்றாண்டில் பெயர் வாங்கியது. வயிற்றைச் சுத்தம் செய்யக் குடித்த நம்மவர்கள் அதற்குப் பேதியுப்பு என்று பெயர் வைத்தார்கள்.

கால்சியம் நைட்ரேட்டையும் எப்சம் உப்பையும் ஒன்றாகக் கலக்கலாமா என்று கேட்பவர்களுக்கு ஒரு சின்னச் சோதனை. ஒரு டம்ளரில் கொஞ்சம் தண்ணீர் விட்டு இரண்டு ஸ்பூன் கால்சியம் நைட்ரேட் கரையுங்கள்; டம்ளர் கைக்குச் சில்லென்று இருக்கும், அந்த உப்பு கரையும்போது சூட்டை இழுக்கும். இன்னொரு டம்ளரில் அதே அளவு எப்சம் உப்பு. இரண்டும் கண்ணாடிபோலத் தெளிவாக இருக்கும். ஒன்றை மற்றொன்றில் ஊற்றுங்கள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே கலங்கி, மோர்போல வெளுத்து, அடியில் மாவு படியும். கால்சியமும் சல்பேட்டும் கைகோத்து ஜிப்சம் ஆகிவிட்டன. பள்ளிக்கூடத்துச் சாக்பீஸ் செய்யும் அதே பொருள். இந்தக் கலவையைச் சொட்டுநீர்க் குழாயில் விட்டால் அடைத்துக்கொள்ளும். 'ஆல் நைன்டீன்' கரைசலோடு கெட்டியாகக் கலந்தாலும் கால்சியம் பாஸ்பேட்டாகப் படியும். நீர்த்த நிலையில் இந்தத் தொல்லை குறைவு. நான் வம்பே வேண்டாமென்று தனித்தனி நாளில் ஊற்றுகிறேன்.

அளவுக்கு ஒரு பழைய துணை இருக்கிறது. கலிஃபோர்னியாவில் டென்னிஸ் ஹோக்லண்டும் டேனியல் ஆர்னனும் 1938-இல் வெளியிட்ட சத்துக் கரைசலை இன்றும் ஆய்வகங்கள் பயன்படுத்துகின்றன. அதில் லிட்டருக்குக் கால்சியம் சுமார் 200 மில்லிகிராம், மக்னீசியம் 48. கடையில் கிடைக்கும் கால்சியம் நைட்ரேட்டில் 19 சதவீதம் கால்சியம், எப்சம் உப்பில் கிட்டத்தட்ட 10 சதவீதம் மக்னீசியம். ஆக லிட்டருக்கு அது 1 கிராம், இது அரை கிராம். மண்ணே இல்லாமல் நீரில் மட்டும் வளரும் செடிக்குரிய அளவு இது; பைச் செடிக்கு வாரம் ஒருமுறை போதும். கால்சியம் நைட்ரேட்டில் தழைச்சத்தும் 15.5 சதவீதம் இருப்பதால், அது ஊற்றும் வாரத்தில் மற்ற உரத்தைக் குறைக்க வேண்டும். இல்லாவிட்டால் செடி தழைத்து, இலை பெருகி, இருக்கிற கால்சியத்தையும் இலையே இழுத்துக்கொள்ளும். யூரியாவைக் காய்க்கும் தக்காளிப் பக்கமே கொண்டுபோக வேண்டாம். அதிலிருந்து உண்டாகும் அம்மோனியம் வேரின் வாசலில் கால்சியத்தோடு போட்டிக்கு நிற்கும்.

இந்த வருஷம் பன்னிரண்டு பை. ஊறவைத்துச் சீட்டு மாற்றிய நார்க்கழிவு, காலை ஆறு மணிக்கும் மாலை ஐந்து மணிக்கும் தண்ணீர். முதல் கொத்தில் ஒரே ஒரு காய் அடி கறுத்தது. நடுவில் ஒருநாள் மோட்டார் பழுதாகி மாலைத் தண்ணீர் தவறிவிட்டது.

போன ஞாயிறு ஒரு கிலோ பறித்துக்கொண்டு கீழே போனேன். அக்கா ஒவ்வொரு பழமாகத் திருப்பி அடியைப் பார்த்தார். "முட்டை ஓடு போட்டீங்கல்ல தம்பி?"

"போட்டேன்க்கா" என்றேன். போட்டதும் உண்மைதான், மக்கு உரத் தொட்டியில்.