பொங்குமா, பொங்காதா?

சோடியம் பைகார்பனேட்டுடன் நுரைத்துப் பொங்கினால் அது கார்பாக்சிலிக் அமிலம். பிளஸ் டூ வேதியியல் செய்முறைக்குப் போகும் பிள்ளைகள் தூக்கத்திலும் ஒப்பிக்கும் வரி இது. ஏன் பொங்குகிறது என்று கேட்டால்தான் விழிக்கிறார்கள். வேதியியல் சொல்லிக்கொடுத்தே தலை நரைத்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: காரணம் பிடிபட்டுவிட்டால் மனப்பாடமே தேவையில்லை.

புரோட்டானைக் கொடுப்பது அமிலம், வாங்கிக்கொள்வது காரம். டென்மார்க்கில் பிரான்ஸ்டெட்டும் இங்கிலாந்தில் லௌரியும் 1923இல் தனித்தனியாகச் சொன்னது இது. எந்த அமிலம் எவ்வளவு எளிதாகக் கொடுக்கும் என்பதற்கு பி.கே.ஏ. என்றோர் எண் உண்டு. எண் ஒன்று குறைந்தால் வலிமை பத்து மடங்கு கூடும். வலிய அமிலம் புரோட்டானைக் கொடுத்து, மெலிந்த அமிலம் உண்டாகிற திசையில்தான் வினை சாயும். அவ்வளவுதான் விதி.

இனி சோதனைக்குழாய்க்கு வருவோம். பைகார்பனேட் புரோட்டானை வாங்கினால் கார்பானிக் அமிலமாகும், அதன் பி.கே.ஏ. சுமார் 6.4. பென்சாயிக் அமிலத்துக்கு 4.2தான். ஆகவே பைகார்பனேட் கரைசலில் அந்த அமிலத்தை ஒரு சிட்டிகை போட்டதுமே குமிழ்கள் சீறிக்கொண்டு எழும்புகின்றன. கார்பானிக் அமிலம் நீராகவும் கார்பன் டை ஆக்சைடாகவும் உடைகிற சீற்றம் அது. பீனாலுக்கு எண் 10. அதே கரைசலில் போட்டால் ஒரு குமிழ்கூட வராது. சோடியம் ஹைட்ராக்சைடில் போட்டாலோ கரைந்துவிடும். அங்கே உண்டாகும் நீர், அமிலம் என்ற வகையில் பீனாலைவிட மிக மெலிந்தது. அந்தக் கரைசலுக்குள் கார்பன் டை ஆக்சைடைச் செலுத்துங்கள், பீனால் மறுபடி பிரிந்து வரும். நிலக்கரித் தாரிலிருந்து பீனாலை மீட்டதும் இதே கணக்கை வைத்துத்தான்.

எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் பிக்ரிக் அமிலம். அதுவும் பீனால் வகைதான், கார்பாக்சிலிக் தொகுதி அதில் கிடையாது. ஆனால் மூன்று நைட்ரோ தொகுதிகள் எலக்ட்ரான்களைத் தம் பக்கம் இழுப்பதால் அதன் பி.கே.ஏ. 0.4 அளவுக்கு இறங்கிவிடுகிறது. பைகார்பனேட்டுடன் அது பொங்கும். ஒப்பித்த வரி இங்கே கைவிடும், எண் கைவிடாது.

ஒரு எச்சரிக்கை: மெலிந்த அமிலம் என்பதால் ஆபத்தில்லை என்று எண்ணிவிடக் கூடாது. பீனால் பட்டால் தோல் வெந்துபோகும்.

ஆசிரியர்களே, ஆய்வகச் சுவரில் ஒரு பி.கே.ஏ. அட்டவணையை மாட்டுங்கள். குழாயில் எதையும் ஊற்றுவதற்கு முன், என்ன நடக்கும் என்று பிள்ளைகளையே சொல்லவிடுங்கள்.