சட்டத்திலேயே இருக்கட்டும்

போன வாரம் பிளாஸ்டிக் மாடல் பெட்டியைப் பிரித்துப் பாகங்களைக் குறிப்புத்தாளோடு சரிபார்த்தோம். அடுத்த வேலை, பாகங்களை அவை ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் சட்டத்திலிருந்து வெட்டுவதுதான் என்று கை பரபரக்கும். சிறு பாகங்களைப் பொறுத்தவரை வெட்டுவதை முடிந்தமட்டும் தள்ளிப்போட வேண்டும் என்பது என் கட்சி. காரணம் அளவுதான். 1:350 கப்பல் மாடலில் ஒரு மீட்டர் உயரக் கைப்பிடிக் கம்பி 3 மில்லிமீட்டர்கூட வராது. 1:72 விமானத்தில் விமானியே இரண்டரை சென்டிமீட்டருக்குள் அடங்கிவிடுவார். அவர் முன்னால் இருக்கும் கருவியை எதைக் கொண்டு பிடித்து அரம் போடுவது? சட்டத்தில் இருக்கும்வரை அந்தச் சட்டமே கைப்பிடி. அச்சிலிருந்து வந்த எண்ணெய்ப்பசை இருந்தால், சட்டத்தோடு சோப்புத் தண்ணீரில் அலசிக் காயவைக்கலாம். வெட்டிவிட்டு அலசினால் பாதி பாகம் வாஷ்பேசின் வழியே போய்ச் சேரும். அச்சின் இரு பாதிகள் சேர்ந்த இடத்தில் விழும் மெல்லிய கோட்டைக் கத்தி முனையால் சுரண்டுவது, பிரைமர் அடிப்பது, முதல் வண்ணம் பூசுவது எல்லாமே சட்டத்தில் வைத்தே முடிகிற வேலைகள்.

சோம்பேறிக்குச் சொல்லும் குறுக்குவழி என்று இதை ஒதுக்குபவர்கள், காரைக்குடிக்குப் பக்கத்து ஆத்தங்குடியில் பூப்போட்ட தரைக்கல் செய்வதைப் பார்க்க வேண்டும். சட்டத்துக்குள் கண்ணாடித் தகடு, அதன்மேல் பூ அச்சு. அறை அறையாக வண்ணச் சாந்தை ஊற்றி, அச்சை மெல்லத் தூக்கிய பிறகுதான் பின்பக்க மணலும் சிமென்டும் ஏறுகின்றன. முகம் முதலில் முடிகிறது; கல் வெளியே வருவது கடைசியில். வெளியே எடுத்தபின் அந்தப் பூவை யாரும் வரைவதில்லை. ஒரு வித்தியாசம் உண்டு. காய்ந்து இறுகிய கல் கண்ணாடியை விட்டுத் தானாகக் கழன்றுவிடும். நம் பாகம் கழலாது. உருகிய பாலிஸ்டைரீன், சட்டத்தின் தண்டான ரன்னர் வழியாக ஓடி, கேட் என்னும் குறுகிய வாயிலில் நுழைந்து உறைந்திருக்கிறது. அந்த வாயிலை அறுத்தே ஆகவேண்டும், அறுத்தால் தழும்பு விழும்.

எதிர்ப்பு எழுவதும் இங்கேதான். வண்ணம் அடித்தபின் வெட்டினால் தழும்பு வெள்ளையாகப் பல்லிளிக்காதா? இளிக்கும். ஆனால் அது தூரிகை முனையால் தொட்டு மறைக்கிற ஒரு புள்ளி. முன்னாலேயே வெட்டிய பாகத்தைச் சாமணத்தில் பிடித்து முழுக்க வண்ணம் பூசும்போது விழும் கீறல்களோடு ஒப்பிட்டால் இந்த நஷ்டம் சிறிது. குரோம் பூச்சோடு வரும் சில பாகங்களுக்குப் பண்டாய் என்னும் மாடல் நிறுவனம் கேட்டை வெளிமுகத்தில் வைக்காமல் ஒட்டும் பக்கத்துக்கு ஒதுக்குவதைக் கவனியுங்கள். பூச்சு முதலில், வெட்டு பிறகு என்ற வரிசையை ஏற்றுக்கொண்டவர்கள்தான் தழும்பை எங்கே ஒளிப்பது என்று அச்சிலேயே யோசிப்பார்கள். இரண்டாவது ஆட்சேபணை இதைவிடக் கனமானது: மாடல் பசை பிளாஸ்டிக்கைக் கரைத்துத்தான் ஒட்டுகிறது, வண்ணத்தின்மேல் போட்டால் வண்ணத்தை மட்டுமே கரைக்கும். உண்மை. ஒட்டும் பரப்பை முன்கூட்டியே டேப்பால் மூடுங்கள், அல்லது பின்னால் சுரண்டுங்கள். இரண்டு பாதிகளைச் சேர்த்து இடைக்கோட்டைத் தேய்க்க வேண்டிய துப்பாக்கிக் குழாய், எண்ணெய்த் தொட்டி போன்றவற்றுக்கு என் விதி செல்லாது. அவற்றை முதலில் வெட்டி ஒட்டித்தான் ஆகவேண்டும்.

வெட்டும் வேளை வந்ததும் அவசரம் கூடாது. கட்டரின் வாய் ஆப்பு போல இறங்கிப் பிளாஸ்டிக்கை இருபுறமும் தள்ளுகிறது. பாகத்தை ஒட்டியே நறுக்கினால் அந்த அழுத்தம் பாகத்துக்குள் போய் வெளுப்பாகவோ குழியாகவோ நிற்கும். குழியை உப்புத்தாள் சரிசெய்யாது. முதலில் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் குச்சியை விட்டு வெட்டி, மீதியைக் கூரான கத்தியால் சீவி, 400-ல் தொடங்கி 1000 வரை உப்புத்தாள் போடலாம். நூல் போன்ற கம்பியானால் கேட்டைத் தொடும் முன் சுற்றியிருக்கும் தடித்த ரன்னரை ஓரிரு இடத்தில் துண்டித்து இறுக்கத்தைத் தளர்த்துங்கள். மெல்லிய முனை கடைசியில். கண்ணாடி போன்ற தெளிபாகங்கள் இன்னும் நொறுங்கும் சாதி, அவற்றுக்குக் கட்டரை விட மெல்லிய ரம்பம் மேல். பித்தளைத் தகட்டில் அரித்தெடுத்த பாகங்களை அடியில் கெட்டியான பரப்பு வைத்துக் கத்தியை நேராக அழுத்தி வெட்ட வேண்டும். பழைய கண்ணாடித் துண்டு போதும். வீட்டு ஆத்தங்குடித் தரையில் வைத்து வெட்டிவிடாதீர்கள், தரை கீறும். பெரிய பாகங்களை ஒட்டும் வரிசை அடுத்த வாரம்.