மாஜிஸ்திரேட் பதவி உயர்ந்தால் உங்கள் அப்பீல் எந்த கோர்ட்டுக்குப் போகும்?

உங்கள் நண்பர் மீது ஒரு மோசடி வழக்கு என்று வைத்துக்கொள்வோம். முதல் வகுப்பு மாஜிஸ்திரேட் கோர்ட்டில் விசாரணை பாதி முடிந்துவிட்டது. ஒருநாள் வக்கீல் போன் பண்ணி, "மேடம் ப்ரமோஷன்ல சிஜேஎம் ஆகிட்டாங்க" என்கிறார். நாற்காலி மாறினால் நமக்கென்ன என்று தோன்றும். ஆனால் எத்தனை வருஷம் தண்டனை வரலாம், தீர்ப்பு நாளன்று வீடு திரும்ப முடியுமா என்பதெல்லாம் அந்த நாற்காலியைப் பொறுத்தது.

யாருக்கு எவ்வளவு அதிகாரம்?

2024 ஜூலை 1 முதல் பழைய சிஆர்பிசி-யின் இடத்தில் பிஎன்எஸ்எஸ் சட்டம் அமலில் இருக்கிறது. அதன்படி சிறைத் தண்டனையின் உச்சவரம்பு:

• இரண்டாம் வகுப்பு மாஜிஸ்திரேட்: 1 ஆண்டு
• முதல் வகுப்பு மாஜிஸ்திரேட்: 3 ஆண்டு
• தலைமை நீதித்துறை நடுவர், அதாவது சிஜேஎம்: 7 ஆண்டு
• செஷன்ஸ் நீதிபதி: எந்தத் தண்டனையும், மரண தண்டனைக்கு மட்டும் உயர் நீதிமன்றம் ஒப்புதல் தர வேண்டும்

மோசடிக்குச் சட்டம் சொல்லும் அதிகபட்சம் 7 ஆண்டு. ஆனால் முதல் வகுப்பு மாஜிஸ்திரேட் 3 ஆண்டுக்கு மேல் தர முடியாது. அது போதாது என்று நினைத்தால் வழக்கை சிஜேஎம்முக்கு அனுப்பலாம். தண்டனை தருவதே சிஜேஎம் கோர்ட் என்றால், 7 ஆண்டு வரை போகலாம்.

இது நியாயமா?

குற்றம் நடந்தபோது சட்டத்தில் இருந்ததைவிட அதிக தண்டனை தரக்கூடாது என்கிறது அரசியலமைப்பின் 20(1) பிரிவு. ஆனால் மோசடிக்கான 7 ஆண்டு உச்சவரம்பு அன்றும் இருந்தது, இன்றும் இருக்கிறது. வேறு கோர்ட்டில் விசாரிக்கப்படுவது மட்டுமே 20(1)-ஐ மீறுவதாகாது என்று ராவ் சிவ் பகதூர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1953-லேயே சொல்லிவிட்டது.

ரமேஷ் குமார் சோனி வழக்கும் இதே கதைதான். சில போலி ஆவணக் குற்றங்களை மாஜிஸ்திரேட்டிடமிருந்து செஷன்ஸ் கோர்ட்டுக்கு மாற்றி, 2008-ல் மத்தியப் பிரதேசம் சட்டத்திருத்தம் கொண்டுவந்தது. அவர் மீதான வழக்கு பதிவானது 2007-ல். குற்றப்பத்திரிகை வந்தது திருத்தத்துக்குப் பிறகு. 'இந்த கோர்ட்டில்தான் விசாரிக்க வேண்டும்' என்று கேட்கும் உரிமை குற்றம் சாட்டப்பட்டவருக்குக் கிடையாது என்று 2013-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

அப்பீல் என்ன ஆகும்?

முதல் வகுப்பு மாஜிஸ்திரேட், சிஜேஎம் ஆனால், பொதுவாக அப்பீல் பாதை மாறாது. இருவரின் தீர்ப்பையும் எதிர்த்து செஷன்ஸ் கோர்ட்டுக்குத்தான் போக வேண்டும். கெடு 30 நாள்.

வழக்கே செஷன்ஸ் கோர்ட்டுக்கு உயர்ந்தால் கதை வேறு. அப்பீல் நேராக உயர் நீதிமன்றத்துக்கு. கெடு 60 நாள். மாஜிஸ்திரேட் தீர்ப்பு என்றால் செஷன்ஸில் அப்பீல், அதற்குப் பிறகு உயர் நீதிமன்றத்தில் சீராய்வு மனு என்று இரண்டு படி இருந்தது. இப்போது அதில் ஒரு படி குறைகிறது. மாவட்டத் தலைநகரில் முடிய வேண்டிய அலைச்சல் மாநிலத் தலைநகர் வரை நீளலாம்.

பலர் கவனிக்காத 3 ஆண்டு கோடு

ஜாமீனில் இருக்கும் ஒருவருக்கு 3 ஆண்டு அல்லது அதற்குக் குறைவான தண்டனை வந்தால், அப்பீல் செய்ய அவகாசம் தந்து தண்டனை கொடுத்த கோர்ட்டே ஜாமீனில் விடலாம். மறுக்க வேண்டுமென்றால் சிறப்புக் காரணம் வேண்டும். முதல் வகுப்பு மாஜிஸ்திரேட் ஒரு குற்றத்துக்குத் தரக்கூடிய அதிகபட்சமே 3 ஆண்டுதான். சிஜேஎம் 4 ஆண்டு கொடுத்துவிட்டால் இந்த வழி அடைபடுகிறது. செஷன்ஸ் கோர்ட் தண்டனையை நிறுத்திவைக்கும் வரை ஜெயில்தான்.

நீதிபதி மாறிப்போனால்?

சாட்சியம் வீணாகாது. புதிதாக வருபவர் பதிவான சாட்சியங்களை வைத்தே தொடரலாம். தேவைப்பட்டால் சாட்சிகளை மறுபடி அழைக்கலாம். சுருக்க விசாரணைக்கு இந்தச் சலுகை இல்லை. நிதின்பாய் ஷா வழக்கில், முந்தைய மாஜிஸ்திரேட் பதிவு செய்த சாட்சியத்தை வைத்துத் தரப்பட்ட செக் பவுன்ஸ் தண்டனையை உச்ச நீதிமன்றம் 2011-ல் ரத்து செய்தது.

வக்கீலிடம் என்ன கேட்கணும்?

தண்டனை தரப்போகும் கோர்ட்டின் உச்சவரம்பு எத்தனை ஆண்டு? இது சுருக்க விசாரணையா? 3 ஆண்டுக்கு மேல் தண்டனை வந்தால் அன்றே தாக்கல் செய்ய மனு தயாரா?

இரண்டு விஷயங்களை மறக்காதீர்கள். சிறைத் தண்டனை என்றால் தீர்ப்பு நகல் உடனடியாக, இலவசமாகத் தரப்பட வேண்டும். காவலில் இருப்பவருக்கு, வருமானம் எவ்வளவு என்றாலும், இலவச சட்ட உதவி பெறும் உரிமை உண்டு. 30 நாள் கேட்க நிறைய மாதிரி இருக்கும். உள்ளே இருப்பவருக்கு அது சீக்கிரம் ஓடிவிடும்.